சென்னை–சிங்கப்பூர்: போக 7 மணி நேரம், வர 2 மணி நேரமா? உண்மையான தூரமும் நேரமும் என்ன?

தோபாயோக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அம்மாவும் அப்பாவும் ஆகஸ்டில் முதல்முறையா இங்கே வர்றாங்க. ஊர் கும்பகோணம் பக்கம். டிக்கெட் இன்னும் போடலை, பார்த்து வெச்சிருக்கேன். சென்னையில் இரவு 11.15க்குக் கிளம்பினா இங்கே காலை 6.15. திரும்பும்போது இங்கே இரவு 8.00, சென்னையில் 10.00.

இதை அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன். "ஏம்ப்பா, ஒரே வழிதானே? போறதுக்கு ஏழு மணி நேரம், வர்றதுக்கு ரெண்டே மணி நேரமா? போற பிளேன் பழசா?" சிங்கப்பூர் மணி நம்மூரை விட ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடுதுன்னு சொன்னேன். பாதி நம்பின மாதிரிதான் தெரியுது.

என் கேள்வி வேற. தூரம் 2,920 கி.மீ.னு எல்லாத் தளமும் சொல்லுது. ஆனா நேரம்? ஒரு தளம் 3.38, இன்னொண்ணு 4.08, டிக்கெட்டில் 4.30. இதில் எது நிஜம்? அம்மாவுக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்தா கால் வீங்கும். அதனால கேக்குறேன்.

இன்னொண்ணு, திருச்சியிலிருந்து போட்டா தூரம் குறையுமா? மேப்பில் பார்த்தா திருச்சி தெற்கே, சிங்கப்பூரும் தெற்கே. கிட்டன்னு தோணுது.

---

கணக்குப்பிள்ளை

அப்பாவுக்கு இப்படிச் சொல்லுங்க: கிளம்புற நேரம், இறங்குற நேரம் ரெண்டையும் சென்னை மணிக்கு மாத்திப் பார்க்கணும். சிங்கப்பூர் காலை 6.15ன்னா நம்மூரில் 3.45. ராத்திரி 11.15லேர்ந்து 3.45 வரைக்கும் எவ்வளவு? நாலரை. திரும்பும்போது சிங்கப்பூர் இரவு 8ன்னா நம்மூர் மாலை 5.30. அங்கேர்ந்து 10 வரைக்கும் அதே நாலரை. பிளேன் பழசு இல்லை.

தளங்களோட கணக்கு ரகசியமெல்லாம் ஒண்ணும் இல்லை. மணிக்கு 805 கி.மீ. (அதாவது 500 மைல்) வேகம்னு வெச்சு 2,920ஐ வகுத்தா 3 மணி 38 நிமிடம். ஏற, இறங்க அரை மணி சேர்க்கிற தளம் 4.08ன்னு காட்டும். சேர்க்காத தளம் 3.38லயே நிறுத்திடும். ரெண்டுமே காகிதக் கணக்கு. காத்து, பாதை, ரன்வே எதுவும் அதில் கிடையாது.

2,920ங்கிறது பூமி உருண்டை மேல அளக்கிற மிகக் குறுகிய வழி. அதுவே சாதா மைலில் சுமார் 1,816, கடல் மைலில் 1,578. வேற வேற எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

---

வடபழனி_வாசு

அண்ணே, ஒரு சந்தேகம். பூமி மேற்கேர்ந்து கிழக்கா சுத்துது. அப்போ சிங்கப்பூர் நம்மளை விட்டு ஓடிக்கிட்டே இருக்கும்ல? போறதுக்கு ஜாஸ்தி, வர்றதுக்குக் கம்மி ஆகணுமே. அப்பா கேட்டது சரிதானே 😄

---

கணக்குப்பிள்ளை

> பூமி மேற்கேர்ந்து கிழக்கா சுத்துது

தம்பி, காத்தும் சேர்ந்துதான் சுத்துது. சென்னை இருக்கிற இடத்தில் தரை மணிக்கு 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே போகுது. காத்து கூடவே வரலேன்னா மவுண்ட் ரோட்டில் நிக்கிற ஆளை எதிர்க்காத்து தூக்கிட்டுப் போயிருக்கும். ஹெலிகாப்டரை மீனம்பாக்கத்துக்கு மேல ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சா கீழே அரபிக்கடல் வந்திருக்கணும். வர்றதில்லையே.

---

வடபழனி_வாசு

சரி. 35,000 அடி மேல பறக்குதே, வட்டம் பெருசாகாதா? அப்போ தூரம் கூடுமே?

---

கணக்குப்பிள்ளை

கூடும். முழு வழிக்கும் அஞ்சு கி.மீ. சந்தோஷமா?

---

இரவுப்பணி_இன்பா

விமானப் பயணத் திட்டம் போடுற வேலைதான் எனக்கு. இந்த வழித்தடம் கைக்குப் பழக்கம். கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

டிக்கெட்டில் இருக்கிற நேரத்துக்கு எங்க பக்கத்தில் பிளாக் டைம்னு பேர். வண்டி கேட்டை விட்டு நகர்ற நிமிஷத்திலிருந்து, அங்கே கேட்டில் போய் நிக்கிற நிமிஷம் வரைக்கும். பறக்கிற நேரம் அதுக்குள்ள ஒரு பகுதிதான்.

சென்னையில் இரவு 11 மணின்னு வெச்சுக்குங்க. வளைகுடாவுக்கு, கிழக்கே, ஐரோப்பாவுக்குன்னு சர்வதேச விமானங்கள் வரிசையா கிளம்புற நேரம். பின்னால தள்ளி, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணி, ரன்வே முனை வரைக்கும் உருண்டு போய், முன்னால நிக்கிற வண்டிகள் போற வரைக்கும் காத்திருந்து ஏறணும். கால் மணி, இருபது நிமிஷம் இதிலேயே போயிடும். எந்தப் பக்கம் ஏறுறோம்கிறதும் உண்டு. ஆகஸ்டில் தென்மேற்குக் காத்து அடிச்சா, எதிர்க்காத்துக்காக மேற்கு நோக்கித்தான் ஏறுவாங்க. போக வேண்டியதோ கிழக்கே. ஏறி, திரும்பி, ஊரைத் தாண்டிக் கடலுக்கு வரணும். டிசம்பரில் வாடைக்காத்துன்னா கடலைப் பார்த்தே ஏறி நேரா போயிடலாம்.

அதுக்கப்புறம் வங்காள விரிகுடா. நேர்க்கோடுன்னு பேருக்குத்தான், வகுத்து வெச்ச வான்தடங்களில்தான் போகணும். நிக்கோபார் பக்கமா போய், சுமத்திராவோட வடக்கு முனை, மலாக்கா நீரிணை, அப்புறம் சிங்கப்பூரோட சாங்கி விமான நிலையம். 2,920ஐ விடக் கொஞ்சம் கூடத்தான் ஓடும். நடுக்கடலில் தரை ரேடார் எட்டாது. விமானமே தன் இடத்தைச் செயற்கைக்கோள் வழியா கீழே சொல்லிக்கிட்டே போகும். அதனால வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே தரைக்கு மேல விடறதை விட அதிக இடைவெளி. நீங்க கேட்ட உயரத்தில் முன்னாடியே ஒருத்தர் போயிட்டிருந்தா 2,000 அடி கீழே போன்னுவாங்க. எரிபொருள் கொஞ்சம் அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

ஏ320 ரக விமானம் மேலே மணிக்கு 830 கி.மீ. வாக்கில் போகும். எல்லாம் சேர்த்து, சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடுற வரைக்கும் மூணே முக்கால் மணி நேரத்தை ஒட்டி வரும். மீதி உருள்றது, காத்திருக்கிறது, கையிருப்பு. கையிருப்புன்னு ஏன் சொல்றேன்னா, அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிஷத்துக்குள் வந்தா 'சரியான நேரம்'னு கணக்கு. அதனால எந்த நிறுவனமா இருந்தாலும் கொஞ்சம் தாராளமாத்தான் நேரம் போடும். "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்"னு விமானி பெருமையா அறிவிச்சா, அதில் பாதி அட்டவணை போட்டவன் கைங்கரியம்.

ஆக உங்க கேள்விக்குப் பதில்: பறக்கிறது மூணே முக்கால் மணி நேரம் வாக்கில், டிக்கெட்டில் நாலரை. அம்மா கால் கணக்குக்கு 4.30ஐ எடுத்துக்காதீங்க. ஏறி உட்கார்ந்ததிலிருந்து கதவு திறக்கிற வரைக்கும் அஞ்சேகால் மணி நேரம்னு வெச்சுக்குங்க. பெல்ட் விளக்கு அணைஞ்சிருக்கிற மூணு மணி நேரத்தில் எழுந்து நடக்கலாம். நடைபாதையோர சீட் போடுங்க.

---

காற்றாடி

இன்பா சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு: காற்று. இதில்தான் இந்த வழித்தடத்தின் சுவாரசியமே இருக்கிறது.

லண்டன், அமெரிக்கா போய் வந்தவர்கள் எல்லோரும் "கிழக்கே வரும்போது சீக்கிரம், மேற்கே போகும்போது தாமதம்" என்பார்கள். சரிதான். சென்னை–லண்டன் 8,235 கி.மீ.; போவதற்கு 11 மணியை ஒட்டி, வருவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவு. வடக்கே அடிக்கும் மேல்காற்று மேற்கிலிருந்து கிழக்கே தள்ளிவிடுகிறது. அதே பாடத்தைச் சிங்கப்பூருக்கும் போட்டு, போகும்போது சீக்கிரம் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்டில் இது தலைகீழ். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, 14–16 கி.மீ. உயரத்தை மையமாக வைத்து, கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடும். வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று. கோடையில் திபெத் பீடபூமியும் ஆசிய நிலப்பரப்பும் சூடேறுவதால், வடக்கே மேலடுக்குக் காற்று தெற்கை விட வெப்பமாகிவிடுகிறது. காற்றின் திசை மாறிவிடுகிறது. இதை முதலில் விரிவாக எடுத்துச் சொன்னவர் நம் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம். 1958இல் வெளியான அவர் ஆய்வுக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பிற்பாடு வானிலைத் துறைக்கே தலைமை இயக்குநராக இருந்தவர்.

கீழே தரையில் தென்மேற்குப் பருவக்காற்று, மேலே நேரெதிராகக் கிழக்குக் காற்று. விமானம் பறக்கும் 11–12 கி.மீ. உயரத்திலும் அதன் கீழ்விளிம்பு பலமாகவே தட்டும். உதாரணத்துக்கு வழி நெடுக மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று என்று வையுங்கள். 835 வேகத்தில் போகும் விமானம் தரைக்கணக்கில் 785தான் போகும். 3 மணி 43 நிமிடம். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் 885. 3 மணி 18 நிமிடம். போக வர 25 நிமிட வித்தியாசம். ஜனவரியில் இந்த அகலாங்கில் மேல்காற்று அவ்வளவு பலமில்லை. பலமான காற்று அப்போது வட இந்தியாவுக்கு மேலே போய்விடும்.

ஆக, அப்பா கேட்டது காரணம் தப்பு, திசை சரி. ஆகஸ்டில் போவதற்கு நிஜமாகவே கொஞ்சம் கூடுதல் நேரம்.

---

வடபழனி_வாசு

அப்பா வாழ்க 🙏

---

ராஜூலா_பேரன்

சுவையான இழை. ஓரமாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது.

என் தாத்தாவும் பின்னால் அப்பாவும் சிங்கப்பூருக்கு வந்தது 'ராஜூலா' கப்பலில். 1926இல் கட்டிய கப்பல். 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நாகையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், ஆடிக்கொண்டே ஏற வேண்டும். மேல்தளப் பயணிகள் பாயை விரித்த இடம்தான் வீடு. ஏறக்குறைய ஒரு வாரம். அதன்பின் 'சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே முடிந்துபோயிற்று.

நான் விமானத்தில் முதலில் இறங்கியது சிங்கப்பூரின் பழைய விமான நிலையமான பாய லேபாரில். சாங்கி 1981இல்தான் திறந்தது. அப்போதெல்லாம் நமக்கும் சிங்கப்பூருக்கும் வித்தியாசம் சரியாக இரண்டு மணி நேரம். இரண்டரை இல்லை. கைக்கடிகாரத்தில் முள்ளை இரண்டு சுற்று சுற்றினால் போதும். இப்போது உள்ள பிள்ளைகளுக்கு இது தெரியாது.

---

தோபாயோக்காரன்

ஐயா, ரெண்டு மணி நேரமா? நிஜமாவா? எப்போ மாறுச்சு?

---

காற்றாடி

ஐயா சொல்வது சரி. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி 12 ஆக்கினார்கள். தீபகற்ப மலேசியா, கிழக்கே இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. சிங்கப்பூரும் கூடவே மாறியது. அதற்கு முன்னால் ஜப்பானியர் ஆண்ட 1942–45இல் தோக்கியோ நேரமே ஓடியிருக்கிறது, நம் இன்றைய நேரக் கணக்கில் மூன்றரை மணி நேரம் முன்னால்.

சூரியனை மட்டும் நம்பினால் கணக்கு வேறு. சென்னை விமான நிலையம் 80.2 டிகிரி கிழக்கு, சாங்கி 104 டிகிரி. இடையில் 23.8 டிகிரி. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 95 நிமிடம்தான் வருகிறது. கடிகாரம் காட்டுவதோ 150 நிமிடம். மீதி 55 நிமிடம் அரசாங்கம் போட்டுக்கொண்டது. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது என்றால் காரணம் இதுதான். உங்கள் பெற்றோர் 6.15க்கு இறங்கும்போது வெளியே இருட்டாகத்தான் இருக்கும். "காலைல வரும்னியே"ன்னு கேட்பார்கள்.

---

உறையூர்_ஊர்க்குருவி

எல்லாரும் காத்தையும் கடிகாரத்தையும் பேசுறீங்க, அவரு கேட்ட திருச்சிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே.

திருச்சி கிட்ட இல்லைங்க. தெற்கே இருக்கு, உண்மை. ஆனா சென்னையை விட மேற்கேயும் ஒன்றரை டிகிரி தள்ளி இருக்கு. சிங்கப்பூர் நமக்குத் தெற்கைவிடக் கிழக்கேதான் ரொம்ப தூரம். அதனால மேற்கே தள்ளத் தள்ள தூரம் கூடும். நேர்வழிக் கணக்கு:

சென்னை – 2,920 கி.மீ.
திருச்சி – 2,980
மதுரை – 3,015
கோவை – 3,160

இந்த நாலு விமான நிலையத்தில் சென்னைதான் கிட்ட. திருச்சிக்கு 60 கி.மீ. கூட. ஆகாயத்தில் அது நாலஞ்சு நிமிஷம்.

இப்போ தரைக்கு வாங்க. கும்பகோணத்திலிருந்து திருச்சி ஏர்போர்ட் 95 கி.மீ. வாக்கில். தஞ்சாவூர் வழியா கார் எடுத்தா ரெண்டு, ரெண்டேகால் மணி நேரம். மீனம்பாக்கம்னா 280 கி.மீ.க்குக் கிட்ட, ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. தாம்பரத்துக்கு முன்னாடி நெரிசல்ல மாட்டினா அதுக்கு மேல. அம்மா கால் வீங்குறது பிளேன்லயா, காருலயா? அஞ்சு நிமிஷம் மிச்சம் பிடிக்க நாலு மணி நேரம் காரில் உட்காரணுமா?

திருச்சியில் 2024 ஜூனிலிருந்து புது முனையம். பெருசு, சுத்தமா இருக்கு. சென்னை மாதிரி நடந்து நடந்து காலு போகாது. சிங்கப்பூருக்கு நேரடி விமானம் தினமும் இருக்கு.

---

மயிலை_மாலா

திருச்சி நல்லதுதான். ஆனா ஒண்ணு. அங்கே ஒரு விமானம் ரத்தானா அடுத்த வழி கம்மி. சென்னைன்னா ஒண்ணு போனா இன்னொண்ணு. என் நாத்தனார் குடும்பம் ஒரு தடவை திருச்சியில் ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தாங்க. எந்த நிறுவனம்னு சொல்ல விரும்பலை. கவுண்டரில் ஆளே இல்லை. வயசானவங்க, முதல் பயணம்... யோசிச்சுக்குங்க.

---

உறையூர்_ஊர்க்குருவி

அக்கா, ரத்தானாலும் திருச்சியிலிருந்து ரெண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்கலாம். சென்னையில் ரத்தானா லாட்ஜ் தேடணும்.

---

மயிலை_மாலா

அதுவும் சரிதான். சென்னையில் சொந்தக்காரங்க இருந்தா வேற கதை.

---

இரவுப்பணி_இன்பா

ஒரு விஷயம் சேர்க்கணும். விடியற்காலை இறங்குற விமானம்னா சுமத்திராப் பக்கமிருந்து வர்ற இடிமழையையும் கணக்கில் வைங்க. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும் அப்பப்போ வரும். ராத்திரி மலாக்கா நீரிணையில் வரிசையா திரண்டு, விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியோ காலையிலேயோ சிங்கப்பூர் மேல அடிச்சுட்டு ஒரு மணி, ரெண்டு மணி நேரத்தில் போயிடும். அந்த நேரம் சாங்கியில் இறங்க வர்றவங்களை வானத்தில் வட்டம் போட வைப்பாங்க. அதுக்கும் சேர்த்துத்தான் எரிபொருள் ஏத்துறோம். "பத்து நிமிடத்தில் இறங்குவோம்"னு சொல்லிட்டு அரை மணி ஆச்சுன்னா பயப்பட வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. முதல் பயணக்காரங்க அதில்தான் கலங்கிப்போவாங்க.

பகல் விமானத்தில் இந்தத் தொல்லை குறைவு. அதுக்குப் பதிலா மதிய இடிமழை உண்டு. சிங்கப்பூர்னா மழை இல்லாம இருக்குமா.

---

வடபழனி_வாசு

நடுக்கடலில் இன்ஜின் ஒண்ணு நின்னா? அம்மா கேப்பாங்க பாருங்க.

---

இரவுப்பணி_இன்பா

கேப்பாங்க. ஒரு இன்ஜினிலேயே பறக்கும், அதுக்குத் தகுந்த மாதிரிதான் பாதையே போடறோம். சென்னை, போர்ட் பிளேர், பந்தா ஆச்சே, பினாங்கு, கோலாலம்பூர்னு வழியில் எங்கே இருந்தாலும் ஒதுங்க ஓர் ஊர் கணக்கில் இருக்கும். இதை அம்மாகிட்ட விளக்காம இருக்கிறது உத்தமம்.

---

தோபாயோக்காரன்

எல்லாருக்கும் நன்றி. திருச்சியே போடறதா முடிவு பண்ணிட்டேன். அப்பாகிட்ட தாரைக்காத்து விஷயத்தைச் சொன்னேன். "நான் சொன்னேன்ல"ன்னார். இனிமே இந்த வீட்டில் அவரோட வாதாட முடியாது.

வேற ஏதாவது கவனிக்கணுமா?

---

மயிலை_மாலா

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுடுங்க. திருச்சியில் தேவைப்படாது, சாங்கியில் தேவைப்படும். இறங்கி குடிநுழைவு வரைக்கும் நடை நிறைய. கால் வீக்கத்துக்கு இறுக்கமான காலுறை போடலாமான்னு டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க, நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க.

---

ராஜூலா_பேரன்

விசா கையில் வந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது, தம்பி. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளுக்கு முன் மூன்று நாளுக்குள்தான் ஏற்பார்கள். குடிநுழைவு ஆணையத்தின் சொந்தத் தளத்தில் பைசா செலவில்லை. அதே மாதிரி பேர் வைத்துக் காசு கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். அதில் போய்க் கார்டு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். பெற்றோருக்கு நீங்களே அங்கிருந்து நிரப்பி அனுப்பலாம். பாஸ்போர்ட்டில் அம்மா பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, இனிஷியல் விரிவு உட்பட.

---

தோபாயோக்காரன்

செஞ்சிடறேன் ஐயா. பாஸ்போர்ட்டில் அம்மா பெயரோட தாத்தா பெயர் இருக்கு, டிக்கெட்டுக்கு அப்பா பெயரைப் போட்டு வெச்சிருந்தேன். பணம் கட்டறதுக்கு முன்னாடி மாத்திடறேன்.